பிரசவத்துக்கு வந்த மகளை எந்த வீட்டில் எண்ணுவது?

அந்த மோரில் பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். இஞ்சியும் தட்டிப் போட்டிருந்தார்கள். வாடிப்பட்டிப் பக்கத்து வெயிலில் காலையிலிருந்து நடந்த எங்களுக்கு, அது தொண்டையில் இறங்கியபோதுதான் பேச்சே வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தவா? பிள்ளைக வாடிப்போயில்ல வந்திருக்கீக" என்றார் சொம்போடு நின்ற அம்மா.

நாங்கள் மூன்று பேர். பொதுச் சுகாதாரத்தில் மேற்படிப்பு. ஒரு நோய் ஓர் ஊரில் யாரைப் பிடிக்கிறது, எதனால் பிடிக்கிறது என்று கண்டறியும் ஆய்வு முறைகள்தான் அப்போது பாடம். நான், மேலூர்க்கார முருகேசன், நர்ஸ் வேலையிலிருந்து படிக்க வந்த ஜெயந்தி அக்கா. அந்த ஊரில் மஞ்சள் காமாலை என்று பேச்சு. வீடு வீடாகக் கேட்டு எழுத எங்களை அனுப்பியிருந்தார்கள். நாங்கள் கொண்டுபோகும் கணக்கைப் பார்த்துத்தான் குடிதண்ணீர்க் குழாயைத் தோண்டுவதா வேண்டாமா என்று முடிவாகும்.

மோர் கொடுத்த அம்மாவிடமும் கேட்டோம். வீட்டில் இரண்டு பேர். அவருக்கும் கணவருக்கும் காமாலை வந்து சரியாகிவிட்டது. வீட்டில் இறப்பு ஏதும் உண்டா?

"அதெல்லாம் இல்ல தம்பி."

எழுதிக்கொண்டோம். மதியத்துக்குள் எங்களுக்கு ஒரு தெம்பே வந்துவிட்டது... நிறையப் பேருக்கு வந்திருக்கிறது, ஆனால் லேசான காமாலை. உயிர்ச்சேதம் இல்லை.

"இந்தக் கேள்விய எல்லாம் எழுதுன மகராசன் ஒரு நாளாச்சும் இந்த வெயில்ல நடந்திருப்பானா மாப்ள?" என்று முருகேசன் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான்.

ஒரு விதி இருந்தது. ஆறு மாதத்துக்கு மேல் அங்கே குடியிருப்பவரை மட்டுமே வீட்டு ஆளாக எண்ண வேண்டும். நல்ல விதிதான். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற எல்லாரையும் மதுரைக்காரர் என்று எண்ணினால் கணக்கு என்னாகும்? விருந்தாளிகளை விலக்கினால்தான் ஊரின் நோய் ஊருடையதாகத் தெரியும். வகுப்பில் இதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு தெளிவாகப் பட்டது.

மதியம் ஒரு வீட்டில், "நாங்க மூணு பேரு. யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று ஓர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது உள்ளேயிருந்து ஒரு பெண் இடுப்பில் கையை ஊன்றியபடி கொடியில் துணி எடுக்க வந்தாள். நிறைமாதம். எங்களைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

கண்கள் இரண்டும் மஞ்சள்.

ஜெயந்தி அக்காவின் பேனா நின்றது. "இது யாரும்மா?"

"எம் மக பாண்டியம்மா. கட்டிக் குடுத்தாச்சு. தலப்பிரசவத்துக்கு வந்திருக்கா. அவ கணக்கு அவ மாமியா வீட்டுலல்ல வரும்."

முருகேசன் என் காதருகே, "ரூல்படி சரிதான் மாப்ள. ஆறு மாசம் ஆகல" என்றான்.

"ரூல நீயே வச்சுக்க. போய் வண்டியக் கூப்புடு" என்றார் அக்கா. குரல் உயரவேயில்லை.

"மாசமா இருக்கயில இப்புடி மஞ்சப் பூக்குறது உள்ளதுதானம்மா?" என்று அந்த அம்மா கேட்டார். அக்கா பாண்டியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரால் பரவும் இந்தக் காமாலை மற்றவர்களுக்குச் சில வாரத் தொந்தரவு. கர்ப்பிணிக்கு வந்தால் உயிரையே எடுத்துவிடும். இதைப் பரீட்சையில் நான் எழுதியிருக்கிறேன்.

ஜீப் தாயையும் மகளையும் ஜெயந்தி அக்காவையும் ஏற்றிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனது. தெருவில் நானும் முருகேசனும் மட்டும். இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அதுவரை எழுதி முடித்த வீடுகளுக்கெல்லாம் திரும்ப ஓடினோம்.

"பிரசவத்துக்கு வந்த மக யாரும் இருக்காகளாம்மா?"

இன்னொரு வீட்டில் ஒரு பெண் சோறு இறங்காமல் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவளையும் அனுப்ப ஏற்பாடு செய்தோம். அப்புறம் அந்த மோர் வீடு.

அதே அம்மாதான் வெளியே வந்தார். "இருந்தா... போன மாசம் போய்ச் சேந்துட்டா. வயித்துப் புள்ளையோட."

காலையில் எழுதிய தாளைத் தேடி எடுத்தேன். "அம்மா... காலையில கேட்டமே."

"எங்க வீட்டுல சாவு உண்டான்னுதான தம்பி கேட்டீக. அவள அவுக ஊருக்குத் தூக்கிட்டுப் போயித்தான எரிச்சாக. அது அவுக வீட்டுச் சாவு."

அழவில்லை. ஊர் பேர் சொல்வதுபோலச் சொன்னார். நாள் முழுக்க வாய் ஓயாத முருகேசன் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான்.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. எங்கள் விதியும் பொய் இல்லை. கட்டிக்கொடுத்த மகள் இந்த வீட்டு ஆள் இல்லை என்று இரண்டும் ஒரே மாதிரி நினைத்தன, அவ்வளவுதான். நோய் யாரைக் கொல்லுமோ அவளை மட்டும் கச்சிதமாக வெளியே நிறுத்திவிட்டு, உயிர்ச்சேதம் இல்லை என்று கணக்கைக் கொண்டுபோயிருப்போம்.

குழாயைத் தோண்டினார்கள். சாக்கடை ஓரத்தில் உடைந்திருந்தது. பாண்டியம்மாள் பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

பின்னாளில் இதே பாடத்தை நான் வருஷக்கணக்காக நடத்தினேன். எந்த உதாரணத்தை விட்டாலும் இதை விட்டதில்லை. இப்போது ஓய்வு பெற்றுக் கோச்சடையில் இருக்கிறேன். போன வாரம் கையில் டேப்லெட்டோடு ஒரு பெண் கணக்கெடுக்க வந்தார். அன்று நாங்கள் வியர்வை பட்டுக் கிழிந்த தாள்களோடு அலைந்தோம். இவர் விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்.

"வீட்டுல எத்தனை பேரும்மா?"

என் மனைவி வாசலில் நின்று, "நானும் சாரும்தான். ரெண்டு பேரு" என்றார்.

ஹாலில் இருந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது மாத வயிற்றோடு கோயம்புத்தூரிலிருந்து வந்த எங்கள் மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்... இந்தக் கதையை என் மனைவி எத்தனை தடவை கேட்டிருப்பார். நான் எழுந்திருப்பதற்குள் அந்தப் பெண் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார்.

"சரிம்மா. நேத்து ராத்திரி இந்த வீட்டுல படுத்தவங்க எத்தனை பேரு?"

மனைவி கொஞ்சம் யோசித்தார். "அப்படிக் கேட்டா... மூணு பேரு."

"அந்த மூணாவது ஆளு பேரு சொல்லுங்கம்மா."

ஹாலில் இருந்து நானே சொன்னேன். தேவைக்கு மேல் சத்தமாக.