கையை உயர்த்தக் கூடாத சோதனை

ஒரு நாளைக்கு ஆறு தடவை. 1998இல், போர்க்காலக் கொழும்பில் வேலைக்குப் போய்வரும் வழியில், இராணுவச் சென்ரிகளில் கனகாம்பிகையின் கைப்பையும் உடம்பும் அத்தனை தடவை சோதிக்கப்பட்டன. பஸ்ஸை விட்டு இறங்கு, பையைத் திற, இரண்டு கைகளையும் அகட்டி நில். யாரும் வாயால் சொல்லத் தேவையில்லை. சீருடையைக் கண்டாலே கைகள் தாமாக உயரும்.

இப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. ஜெர்மனியில் ஏழு வருடம் இருந்துவிட்டு லண்டன் வந்து, கணவர் ஞானேஸ்வரனோடும் பதினேழு வயது மகள் தாரகாவோடும் கோலியர்ஸ் வுட்டில் குடியிருக்கிறார். அலுவலகங்களைத் துப்புரவாக்கியே முழங்கால் போய்விட்டதால், இந்தக் கோடையில் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் பாதுகாப்பு அலுவலருக்கான மாலை வகுப்பில் சேர்ந்தார். குண்டு மிரட்டல் வந்தால் கட்டடத்திலிருந்து ஆட்களை எப்படி வெளியேற்றுவது, ஆளில்லாமல் கிடக்கும் பையை என்ன செய்வது, கோபத்தோடு வருபவரிடம் எப்படிப் பேசுவது எல்லாம் பாடம். எழுத்துத் தேர்வில் வகுப்பிலேயே இரண்டாவது அவர்தான். ஒரு நிறுவனம் வேலை தரவும் சம்மதித்தது. நவம்பர் முடிவதற்குள் உரிம அட்டை கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 25, செயல்முறைத் தேர்வு. சக மாணவி ஒருவரை அவர் சோதித்துக் காட்ட வேண்டும். சீருடையில் வந்த தேர்வாளர் தொடங்கச் சொன்னதும் கனகாம்பிகை தன் கைப்பையைத் திறந்து மேசையில் வைத்தார். பிறகு இரண்டு கைகளையும் அகட்டி நின்றார்.

வகுப்பு சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது தேர்வாளர் தாளில் எழுதி முடித்துவிட்டார்: சித்தியில்லை.

மறுதேர்வு ஒன்றுதான் உண்டு. அதிலும் தவறினால் அடுத்த வகுப்பு பெப்ரவரியில். வேலை அதுவரை காத்திராது.

இரண்டு கிழமை வீட்டு ஹோலில் பயிற்சி நடந்தது. சோதிக்கப்படும் ஆளாகத் தாரகா நின்றாள். தாயின் கைகள் அகன்று உயரும்போதெல்லாம் விசிலடித்தாள்.

"அம்மா, நீங்கள் இப்ப பஸ்ஸில வந்த ஆள் இல்லை. நீங்கள்தான் சென்ரி."

சோபாவில் இருந்த ஞானேஸ்வரனுக்கு வேடிக்கை. "இருபது வருசமா என்ர பொக்கற்றைக் கேளாமல் கிண்டுறீர். அதுக்கொருநாளும் உமக்குக் கை குழம்பேல்லையே."

கேளாமல். அந்தச் சொல்லில் கனகாம்பிகை நின்றுவிட்டார். தொடுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும் என்பதுதான் பாடப்புத்தகத்தின் முதல் விதி. கொழும்பில் அந்த ஆறு தடவையில் ஒரு தடவைகூட அவரிடம் யாரும் கேட்டதில்லை. அன்றிலிருந்து கைகளை மறந்துவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் பழகினார்.

ஒக்டோபர் 9. அதே தேர்வாளர், அதே சீருடை. விலாவோடு ஒட்டியிருந்த கைகள் கொஞ்சம் கிளம்பத்தான் செய்தன. அதற்குள் வாய் முந்திக்கொண்டது: உங்களைச் சோதிக்கலாமா? எதிரே நின்ற கானா நாட்டுப் பெண் சம்மதம் சொல்லிக் கைகளை உயர்த்தினார்.

"அவ கையைத் தூக்கினா. என்ர கை இறங்கிச்சுது" என்கிறார் கனகாம்பிகை. "மிச்சம் ஐஞ்சு நிமிச வேலை."

சித்தி. வெளியே வந்தவர் பஸ் தரிப்பில் இருந்துகொண்டு இரண்டு பஸ்களைப் போகவிட்டார். ஆறுதலாக மூச்சுவிட வேண்டியிருந்ததாம்.

நவம்பர் 18இல் அட்டை தபாலில் வந்தது. படத்தில் ஆமிக்காரி மாதிரியே இருப்பதாகத் தாரகா சொல்ல, அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

டிசம்பர் 7, திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, குரொய்டனில் ஓர் அலுவலகக் கட்டட வாசலில், பெண்களைச் சோதிக்கும் வரிசையில் வேலையைத் தொடங்குகிறார்.