அண்டாவில் கிடந்த கரண்டி

மெட்ரோவுக்காகத் துபாயைத் தோண்டிக்கொண்டிருந்த காலம். ரூமில் கூட இருந்த செல்வம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என்னைக் கராமாவில் ஒரு சீனக் குடும்பம் நடத்திய சின்ன ஓட்டலுக்கு இழுத்துப்போனான். அங்கே அரிசி நூடுல்ஸ்தான் விசேஷம். பார்க்க நம் சேவை மாதிரியே இருக்கும்.

நான் மாட்டுக்கறி தொடமாட்டேன். கடைக்கார அம்மாவிடம் கையை ஆட்டிச் சொன்னேன்.

“பீஃப் மாஃபி, மாஃபி” என்று, ‘இல்லை’ என்பதற்குத் துபாயில் எல்லாரும் சொல்லும் அரபுச் சொல்லில் அவரும் தலையாட்டினார்.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டே முடித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. ஏதோ ஏமாற்று வேலை என்று எழுந்து நேரே சமையலறைக்குள் போனேன்.

“டேய், உள்ள போகாதடா!” என்றான் செல்வம்.

பெரிய அண்டாவில் மாட்டெலும்பு கொதித்துக்கொண்டிருந்தது.

“பொய்யா சொல்ற?” தமிழிலேயே கத்தினேன். அந்த அம்மா சீனத்தில் திருப்பிக் கத்தினார். பக்கத்து அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம் இருந்தது. அதிலும் எலும்புதான் இருக்கும் என்று, அண்டாவில் கிடந்த கரண்டியை எடுத்து உள்ளே விட்டுத் துழாவினேன்.

முட்டைக்கோசும் காளானும்தான் வந்தன. எனக்கென்று தனியாக வைத்த சூப். அதன்மேல் இப்போது மாட்டுக்கொழுப்பு மிதந்தது.

அந்த அம்மா கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கினார். பாத்திரத்தைக் கவிழ்த்தார், தேய்த்துக் கழுவினார், புதுத் தண்ணீர் வைத்தார். பிறகு என்னை மேசைக்குப் போகச் சொல்லிச் சமையலறை வாசலைக் காட்டினார்.

அரைமணி கழித்துக் கிண்ணத்தை என் முன்னால் டொக்கென்று வைத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்காமலே சாப்பிட ஆரம்பித்தேன்.

என்மேல் இத்தனை வெறுப்பு இருந்தும் என் வழக்கத்தை அவர்தான் காப்பாற்றினார். அதைக் கெடுக்கப் பார்த்தது என் கை.