முகட்டைப் பார்க்கிற கிருபா மாமா

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கிருபானந்தன் மாமா முதலில் முகட்டைத்தான் பார்ப்பார். சுகம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அவர் வருகிறார் என்றால் அம்மா ஒட்டடைக் கம்பைத் தேடுவார்.

தொழிலால் வந்த பழக்கம். மொன்றியலின் கிழக்கே ஒரு தொழிற்சாலையில் ஐதரசன் (ஹைட்ரஜன்) வாயு கசிகிறதா என்று தேடுவது அவர் வேலை. காற்றைவிட மிக இலேசான வாயு. கசிந்தால் கூரையடியில் போய்ச் சேரும். பிறகு ஒரு பொறி போதும். "நிறமில்லை, மணமில்லை. பத்தினாலும் பகலில நெருப்புத் தெரியாது. எங்கட சனத்தில இவ்வளவு அமைதியான ஆள் ஒருத்தரும் இல்லை" என்பார்.

சட்டைப் பையில் கைபேசி அளவில் ஒரு கருவி. வாயு பட்டால் அலறும். அதற்கு அவர் வைத்த பெயர் 'பிள்ளை'. "கோயிலில பிள்ளை அழுதால் ஏனெண்டு விசாரிக்கிறேல்லை. தூக்கிக்கொண்டு வெளியில போறது." ஒருமுறை மேலாளரின் கூட்டத்தையே கலைத்து எல்லோரையும் வெளியேற்றினார். யாரோ கையில் பூசிய சானிட்டைசரின் ஆவிக்குத்தான் பிள்ளை அழுதிருந்தது.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. உள்ளே போவது இரண்டு பேர். சோடியைத் தனியே விட்டு வரக்கூடாது. அவருடைய சோடி என் அப்பா, யோசெப். மாமா ஏறுவார், அப்பா ஏணியைப் பிடிப்பார். "மோட்சத்துக்குப் போனாலும் உவர் முதலில முகட்டைத்தான் பார்ப்பார்" என்று அப்பா நக்கலடிப்பார்.

இந்த மாசியில் அப்பா மருத்துவமனையில் இறந்தார். மாரடைப்பு. மாமா அந்த நேரம் வேலையில் நின்றார். ஓடி வந்தவர் கட்டிலைப் பார்த்தார். முகட்டைப் பார்க்கவில்லை.

"சோடியைத் தனிய விட்டிட்டன்" என்றார்.

அடக்கத் திருப்பலிக்கு வேலையிலிருந்து நேரே வந்தார். தலைக்கவசத்தைக் காரில் விட்டு, கோட்டு மாட்டி, பெட்டி தூக்குபவர்களோடு முன்வரிசையில் நின்றார். பிள்ளை பையிலேயே இருந்தது. பூசை வைத்த சுவாமி தூபம் காட்டியபடி பெட்டியைச் சுற்றி வர, அது வீரிட்டது.

மாமா விசாரிக்கவில்லை. முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில், எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். கோயில் காலியாயிற்று. சுவாமி தூபக் கலசத்தோடு பனிக்குள் இறங்கினார். மாமாவின் மனைவி றோஸ்மேரி மாமி சேலையோடு நடுங்கிக்கொண்டு, "இந்த மனிசனோட ஒரு செத்தவீட்டுக்கும் வரேலாது" என்றார். அம்மா சிரித்துவிட்டார். அந்தக் கிழமையில் முதல் தடவை.

நான் இரசாயனப் பொறியியல் படித்திருக்கிறேன். தூபத்துக்கு எரியும் கரியிலிருந்து கார்பன் மொனொக்சைட் வரும். அந்தக் கருவிக்கு அதுவும் ஐதரசனும் ஒன்றுதான். சொல்வதற்கு உள்ளே போனேன்.

மாமா வெளியேறியிருக்கவில்லை. ஒரு கையால் பிள்ளையை முகட்டை நோக்கி உயர்த்திப் பிடித்திருந்தார். மற்றக் கை அப்பாவின் பெட்டியில். நான் சொன்னேன். தலையாட்டினார். கருவியில் இலக்கம் இறங்கி இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தது. பிள்ளையை நிறுத்திப் பையில் போட்டார்.

பெட்டியிலிருந்த கையை எடுக்கவில்லை.