வல்லாரை போல ஒன்று

போன கிழமை கால்வாய்க் கரையில் வல்லாரையைக் குவித்து வைத்திருந்தார்கள். நான் அப்படித்தான் நினைத்தேன். நாலைந்து இளம் பிள்ளைகள் தண்ணீருக்குள் நின்று அதை வாரி வாரி இழுத்துப் போட்டார்கள்.

வீட்டில் இவருக்குக் கொஞ்ச நாளாகப் பெயர்கள் மறக்கின்றன. மகனைத் தன் தம்பியின் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். வல்லாரை ஞாபகத்துக்கு நல்லது என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பிடி அள்ளினேன்.

அங்கே நின்ற ஒரு தமிழ்ப் பிள்ளை ஓடி வந்தாள். “ஆன்ட்டி, அதை வையுங்கோ. வீட்டை கொண்டுபோகேலாது.”

“வல்லாரைதானே, பிள்ளை?”

“இல்லை. அமெரிக்காவில இருந்து வந்த களை. ஒரு துண்டு விழுந்தாலும் தண்ணியை மூடிடும். கீழ கிடக்கிற மீன் செத்துப்போகும்.”

எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் அவளோடு என்ன வாதாடுவது? கொடுத்துவிட்டேன்.

மல்லிகா மச்சாள், இவருடைய அக்கா, உயிரோடு இருந்தால் கசக்கி மணந்தே சொல்லியிருப்பார். லண்டனுக்கு வந்த புதிதில் கடைகளில் நம்முடைய இலைகள் கிடையாது. சலவைக்கடை வேலை முடிந்து இருவரும் இந்தக் கரையால்தான் நடப்போம். ஒருநாள் காஞ்சோண்டி போலத் தொட்டால் கடிக்கிற செடியைக் கையுறையோடு பிடுங்கினார். “அவிச்சால் கடியாது, வாரும்” என்று சோற்றுக்கு வறையும் செய்தார். பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா எட்டிப் பார்த்து, தன் தாயும் அதில் சூப் வைத்தவராம் என்றார். மச்சாள்தான் மொழிபெயர்த்தார். சரியாகச் சொன்னாரோ, தனக்குச் சாதகமாகச் சொன்னாரோ, யார் கண்டது.

வரும் வழியில் விரல்களை மணந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. பிளாஸ்டோ தமிழ்க் கடையில் வல்லாரை ஒரு கட்டு வாங்கினேன். அதுவும் மணக்கவில்லை. கொரோனா வந்துபோனதிலிருந்து என் மூக்கு இப்படித்தான். ஆகவே கால்வாயில் கிடந்தது எது என்று எனக்கு இன்னும் தெரியாது.

தேங்காய்ப்பூ போட்டுச் சம்பல் அரைத்து இவர் முன்னால் வைத்தேன். ஒரு வாய் வைத்தவர் முகம் மலர்ந்தது.

“வல்லாரை” என்றார், நான் கேட்காமலே. இன்னொரு வாய் எடுத்தார். பிறகு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம், “இஞ்சரும், அக்கா சாப்பிட்டிட்டாவே?” என்றார்.

மச்சாளுக்குக் கொள்ளி வைத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர்தான்.

“ஓம், சாப்பிட்டிட்டா” என்றேன். வல்லாரை வேலை செய்ததா இல்லையா என்று எனக்குப் பிடிபடவில்லை.