கிச்சுகிச்சு டீச்சர்

பக்கவாதத்தில் இடது கை செயலிழந்த அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு, தஞ்சாவூரிலிருந்து திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். அப்பா சிரித்து மூன்று மாதமாகியிருந்தது.

எங்கள் சீட்டில் குட்டை முடியோடு ஒரு பேராசிரியை உட்கார்ந்திருந்தார். மூளை உடம்பை எப்படி அசைக்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சியாம். பேசும்போது யார் முகத்தையும் பார்க்காமல் கைகளையே பார்த்தார்.

“நம்ம கை என்ன செய்யப்போகுதுன்னு மூளைக்கு முன்னாடியே தெரியும். அதனாலதான் நமக்கு நாமே கிச்சுகிச்சு மூட்டிக்க முடியறதில்ல” என்றார்.

கேட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் தன் அக்குளில் விரலை விட்டுப் பார்த்தார். பின்சீட்டில் நாலைந்து பேரும் அதையே செய்தார்கள்.

அப்பா தன் இடது கையைக் காட்டினார். “இது என் பேச்சக் கேக்கறதே இல்லம்மா. இது மூட்டினா கூசுமா?”

பேராசிரியை திகைத்துப்போனார். “முப்பது வருஷமா யாரும் என்கிட்ட இதக் கேட்டதில்லங்க. பாத்துடலாமா?”

அந்தக் கையை மெதுவாகத் தூக்கி, அப்பாவின் வலது விலாவில் அதன் விரல்களை ஓட்டினார். அப்பா நெளிந்தார். “விடுங்கம்மா, கூசுது” என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். பஸ்ஸே சிரித்தது.

தன் ஊர் தாண்டிப்போனதை அப்போதுதான் கவனித்த பேராசிரியை, நடவு வயல்களுக்கு நடுவே இறங்கிக்கொண்டார். பேரைக் கேட்க மறந்துவிட்டோம். அப்பாவுக்கு அவர் இன்றும் கிச்சுகிச்சு டீச்சர்தான்.