சூப்பர் என்று சொல்லிவிட்டேன்

பினாங்கிலிருந்து மாமல்லபுரம் பார்க்க வந்திருந்தேன். கடற்கரைக் குப்பத்தில் வலைகளைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, மீன் விற்கும் தேவகி அக்கா, "வெயில்ல இன்னாத்துக்கு நிக்கிற? வூட்டுக்கு வா, ஒரு வாய் சாப்ட்டு போ" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

ஒற்றை அறை வீடு. என்னைச் சுவரோரம் உட்காரவைத்து, வாசலை மறித்தாற்போல் குழம்புச் சட்டியோடு அவர் உட்கார்ந்தார். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, மீன் குழம்பில் உப்பே இல்லை.

"எப்டி கீது?"

"சூப்பர்க்கா."

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன். தட்டில் இன்னொரு துண்டு விழுந்தது, இன்னும் சோறு விழுந்தது. போதும் என்றால், "வெக்கப்படாத, சாப்டு" என்றார்.

"நீங்களும் சாப்பிடுங்கக்கா" என்று கெஞ்சினேன்.

"விருந்தாளி எழுந்தாதான் நாங்க சாப்ட உக்காருவோம்."

அப்போதுதான் உறைத்தது. அவர் இன்னும் அதை ருசிகூடப் பார்க்கவில்லை. நான் எழுந்தால் பொய் வெளிப்பட்டுவிடும். எழாவிட்டால் வயிறு வெடித்துவிடும்.

வேறு வழியில்லாமல் எழுந்து கை கழுவினேன். அவர் ஒரு வாய் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடிப்பாவி! உப்பில்லாமயா இத்தினி வாட்டி வாங்கித் துன்ன?"

சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு டப்பாவை நடுவில் வைத்தார். "எங்கூட உக்காரு. இப்ப நெசமா சொல்லு."

எத்தனையோ ஊர்களில் சாப்பிட்டிருக்கிறேன். எல்லா வீட்டிலும் சூப்பர் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவள்தான். அன்று முதல்முறையாக, "புளி கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா" என்றேன்.

முதுகில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. விருந்தாளியை யாரும் அப்படி அடிக்கமாட்டார்கள்.