அறைந்த கையை வையுங்க

சவுரிராயன் விழுப்புரத்தில் விருத்தாசலம் என்பவரின் பட்டறையில் பதினோரு வருஷம் ரேடியேட்டருக்கு ஈயம் பற்றவைத்தவன். எண்பத்து மூன்றாம் வருஷத்தில் பெட்ரோல் அம்பாசிடருக்கு டீசல் எஞ்சின் மாற்றும் வேலை குவிந்தபோது, முதலாளி தன் யோசனைப்படி ஒரு ரேடியேட்டர் செய்யச் சொன்னார். சுடுதண்ணீர் மேலே நுழையும் வாயும், கீழே வெளியேறும் வாயும் இடப்பக்கமே இருந்தன.

"மொதலாளி, தண்ணி நேரா எறங்கி ஓடிப்பூடும். வலப்பக்கத்துக் குழாய்ங்க சும்மா கெடக்கும். எஞ்சின் ஆறாது."

"பத்தவைக்கிற வேலைய மட்டும் பாருடா."

அதை மாட்டிய, காணை ஊர்க்காரர் தேவநாதனின் டாக்ஸி பத்தாம் நாளே கொதித்து, எஞ்சின் பாழானது. தேவநாதன் சண்டைக்கு வந்தார். "இவன் பத்தவச்சது சரியில்ல" என்று விருத்தாசலம் டிரைவர்கள் நடுவே சவுரிராயனை அறைந்தார். அவன் அன்றே திண்டிவனம் வந்து, டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரே கொட்டகை போட்டான். மூன்று வருஷம் அந்த அறை கன்னத்தில் எரிந்துகொண்டே இருந்தது.

ஒரு சித்திரை மத்தியானம் விருத்தாசலத்தின் சொந்தக் காரை லாரியில் கட்டி இழுத்து வந்தார்கள். பெருமுக்கல் பக்கம் கொதித்து நின்றுவிட்டதாம். உள்ளே அதே மாதிரி ரேடியேட்டர், வாய் இரண்டும் இடப்பக்கமே.

"சவுரி, ஜல்தி பாருப்பா. கல்யாணத்துக்குப் போய்க்கினு இருக்கோம்" என்றார் விருத்தாசலம்.

இப்போது எதிர் ஸ்டாண்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தேவநாதனைச் சவுரிராயன் கூப்பிட்டான். டிரைவர்களும் கூடினார்கள். எஞ்சின் ஆறியதும் தண்ணீர் ஊற்றி, காரை ஓடவிட்டு, சூடேறும்வரை காத்திருந்தான்.

"அன்னிக்கு அறைஞ்ச கைய ரேடியேட்டர் இடப்பக்கம் வையுங்க மொதலாளி."

வைத்தவர் அலறிக் கையை உதறினார்.

"இப்ப வலப்பக்கம்."

அங்கே வெதுவெதுப்புகூட இல்லை.

"யார் தப்புன்னு தேவநாதனாண்ட நீங்களே சொல்லுங்க. அப்புறந்தான் தொடுவேன்."

காருக்குள் அவர் மனைவி அம்சவள்ளி தலைகுனிந்திருந்தாள். விருத்தாசலம் தேவநாதன் பக்கம் திரும்பினார். "என் தப்புதாங்க."

"அந்த எஞ்சினுக்காக என் நெலத்த வித்தேன்யா" என்றார் தேவநாதன்.

சவுரிராயன் ரேடியேட்டரின் மேல்தொட்டியைப் பிரித்து, தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே தகடு ஒன்று வைத்துப் பற்றவைத்தான். தண்ணீர் தகட்டில் மோதிப் பரவி எல்லாக் குழாயிலும் இறங்கியது. ஆனால் வேலையை வேண்டுமென்றே சாயங்காலம்வரை இழுத்தான். கல்யாணம் முடிந்துபோனது.

அதோடும் விடவில்லை. வந்த டிரைவருக்கெல்லாம் கதையைச் சொன்னான். ஆறே மாதத்தில் வேலை வராமல்போய் விருத்தாசலம் தன் பட்டறைப் போர்டில் 'ரேடியேட்டர்' என்ற எழுத்தை அழித்தார். அதைப் பார்க்கவே சவுரிராயன் பஸ் ஏறி விழுப்புரம் போனான். பட்டறைக்கு எதிர்க்கடையில் நின்று நிதானமாக இரண்டு டீ குடித்தான்.